யாரும் மறுபடி கணக்கிடாத கணு: மயாமி நடைமேம்பாலச் சரிவு குறித்த நிகழ்வு ஆய்வு

2018 மார்ச் 15, வியாழக்கிழமை பிற்பகல் ஒன்றே முக்கால் மணியளவில், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் மயாமியை ஒட்டியுள்ள தென்மேற்கு 8ஆம் தெருவின் மேல் நின்றிருந்த, இன்னும் கட்டி முடிக்கப்படாத நடைமேம்பாலம் ஒன்று சில நொடிகளில் சரிந்து சாலையில் விழுந்தது. சிவப்பு விளக்குக்காகக் கீழே காத்திருந்த வண்டிகளில் எட்டு முழுமையாகவோ பகுதியாகவோ நசுங்கின. வண்டிகளில் இருந்த ஐந்து பேரும் பாலத்தின் மேல் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளி ஒருவரும் உயிரிழந்தார்கள். பத்துப் பேர் காயமடைந்தார்கள். பாலத்தின் பிரதான இடைவெளி, அதாவது இரு தூண்களுக்கு இடையே சாலையின் குறுக்கே நிற்கும் பாலப்பகுதி, அந்த இடத்துக்கு வந்து ஐந்து நாள்களே ஆகியிருந்தன.

விபத்தை ஆராய்ந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019 அக்டோபரில் தன் முடிவை வெளியிட்டது. கான்கிரீட்டிலும் கம்பியிலும் குறை இல்லை. புயலோ நிலநடுக்கமோ அடிக்கவில்லை. பாலத்தின் மேல் மக்கள் கூட்டமும் இல்லை. தன் எடையைத் தவிர வேறெதையும் சுமக்காத நிலையில் அப்பாலம் விழுந்ததற்கு முதன்மைக் காரணம், வடமுனைக் கணுவின், அதாவது பாலத்தின் உறுப்புகள் வந்து சேரும் சந்திப்பின், வடிவமைப்பில் நேர்ந்த கணக்குப் பிழை என்று வாரியம் சொன்னது. பெரிய கட்டுமானங்களில் வடிவமைப்பு இடரை எப்படிக் கையாள்வது என்று பேசுகிறவர்கள் இந்நிகழ்வைப் படிக்க வேண்டியதற்குக் காரணம் அந்தப் பிழை மட்டும் அன்று. பிழை செய்யாத பொறியாளர் இல்லை. அதைப் பிடிப்பதற்கென்றே வைக்கப்பட்ட ஒவ்வொரு வலையும் இங்கே அந்தக் கணுவின் அளவுக்குக் கிழிந்திருந்தது என்பதும், வலை கிழிந்திருக்கிறது என்று எந்தக் காகிதத்திலும் தெளிவாக எழுதப்படவில்லை என்பதுமே நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியவை.

பாலத்தின் தேவை உண்மையானது. புளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தின் வளாகம் அந்தச் சாலைக்குத் தெற்கே இருக்கிறது. மாணவர்கள் பலர் குடியிருக்கும் ஸ்வீட்வாட்டர் நகரம் வடக்கே, ஒரு கால்வாயைத் தாண்டி இருக்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான வண்டிகள் விரையும் அகலமான சாலை அது. 2017 ஆகஸ்டில் ஒரு மாணவி அதைக் கடக்கையில் வண்டி மோதி இறந்திருந்தார். மத்திய அரசின் நிதியுதவியோடு, வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் அடக்கி, பல்கலைக்கழகம் இந்த வேலையை முனியா கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் என்ற ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுத்தது. வடிவமைப்புப் பொறுப்பு ஃபிக் பிரிட்ஜ் எஞ்சினியர்ஸ் நிறுவனத்துடையது. களத்தில் கட்டுமானத்தைக் கண்காணித்தது போல்டன் பெரஸ் என்ற நிறுவனம். மாநில நெடுஞ்சாலைகளுக்கு உரிய புளோரிடா போக்குவரத்துத் துறை மேற்பார்வை செய்தது.

பார்வைக்கு அது கேபிள்களால் தொங்கும் பாலம்போலத் திட்டமிடப்பட்டிருந்தது: நடுவே உயர்ந்த கம்பம், அதிலிருந்து விசிறியாக விரியும் குழாய்கள். ஆனால் பாரத்தைத் தாங்குவது அந்தக் குழாய்களின் வேலை அன்று. அவை பெரும்பாலும் தோற்றத்துக்காகவும் அதிர்வைக் குறைப்பதற்காகவும் வர இருந்தவை. உண்மையில் எடையைச் சுமந்தது, நடைதளத்துக்கும் மேற்கூரைக்கும் இடையே நடுக்கோட்டில் ஒற்றை வரிசையாக நின்ற கான்கிரீட் ட்ரஸ், அதாவது சாய்வும் செங்குத்துமான உறுப்புகளைக் கோத்த சட்டகம். கற்பனைக் கேபிள்களோடு ஒரே கோட்டில் அமைய வேண்டும் என்பதற்காக ட்ரஸின் சாய்வு உறுப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் அமைக்கப்பட்டன. ஒரு பாலம் அழகாக இருக்க வேண்டும் என்று விரும்புவதில் தவறில்லை. எனினும் கான்கிரீட் ட்ரஸ் பாலங்களே அரியவை. அதில் ஒற்றை வரிசை என்றால், ஓர் உறுப்போ ஒரு கணுவோ கைவிட்டால் அந்தப் பாரத்தை ஏற்க மாற்று வழி எதுவும் கிடையாது. அப்படிப்பட்ட அமைப்பைத் தேர்ந்தெடுத்த அன்றே இடர் உயர்ந்துவிட்டது. அதற்கு ஈடாகச் சரிபார்ப்பும் அன்றே உயர்த்தப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்கப் பாலவிதிகளில் இத்தகைய மாற்றுவழியற்ற அமைப்புகளின் சுமைகளை மேலும் 5 சதவீதம் பெருக்கிப் பார்க்கும்படி ஒரு காரணி உண்டு. வடிவமைப்பாளர் அந்தக் காரணியையும், மாற்றுவழி உள்ள சாதாரணப் பாலத்துக்கு வைப்பதுபோல், 1 என்றே வைத்துக்கொண்டார்.

தவறு நேர்ந்த இடத்தைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். 174 அடி நீளமும் 950 டன் எடையும் கொண்ட இடைவெளியை இரு முனைகளில் தாங்கினால், ஏறக்குறைய பாதி எடை ஒவ்வொரு முனைக்கும் வரும். வடமுனையில் அது 11 என்று எண்ணிடப்பட்ட சாய்வு உறுப்பின் வழியாக இறங்குகிறது. சாய்ந்த உறுப்பு கீழே மட்டும் அழுத்துவதில்லை. ஏணியின் கால் தரையில் வெளிப்பக்கம் நழுவப் பார்ப்பதுபோல, அதன் அடி வடக்கு நோக்கி நழுவப் பார்க்கும். 11ஆம் உறுப்பும் 12ஆம் செங்குத்து உறுப்பும் தளத்தில் வந்து சேரும் கணு அந்த நழுவலைத் தடுத்து, தளத்திலுள்ள இழுவைக் கம்பிகளுக்குக் கடத்த வேண்டும். தளத்தை முதலில் வார்த்துவிட்டு, அது இறுகிய பின்னரே ட்ரஸ் உறுப்புகளை வார்த்தார்கள். ஆகவே கணுவுக்கும் தளத்துக்கும் இடையே இருந்தது பழைய கான்கிரீட்டின் மேல் புதிய கான்கிரீட் உட்கார்ந்த மூட்டு. அந்த மூட்டுப் பரப்பின் உராய்வும், அதை ஊடுருவிச் செல்லும் கம்பிகளும், மேலிருந்து அழுத்தும் விசையும் சேர்ந்துதான் நழுவலை எதிர்த்தாக வேண்டும். போதாக்குறைக்கு வடிகால் குழாய்களும் மின்குழாய்களும் அதே கணுவின் அடியைத் துளைத்துச் சென்றன.

பிழை இரண்டு திசையிலும் நிகழ்ந்தது. ஒன்று, கணுவுக்கு வரும் நழுவு விசையைக் குறைத்து மதிப்பிட்டது. வடிவமைப்பாளர் ஒன்றுக்கு மேற்பட்ட கணினி மாதிரிகளை உருவாக்கியிருந்தும், மிகக் கடுமையான கட்டுமான நிலையில் வரும் விசையைக் கணு வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளவில்லை. மற்றொன்று, கணுவின் தாங்குதிறனை மிகைப்படுத்தியது. தன் எடை கேடு செய்யும் இடத்தில் அதை 1.25 ஆல் பெருக்க வேண்டும். அதே எடை உதவி செய்யும் இடத்தில் 0.90 ஆல் பெருக்கி, உதவியைக் குறைத்தே கணக்கிட வேண்டும். மூட்டுப் பரப்பை அழுத்திப் பிடிக்கும் விசை உதவும் விசை. அதற்குக் குறைந்த காரணியை வைக்காததால், இல்லாத பிடிமானம் காகிதத்தில் இருப்பதாகத் தோன்றியது. இரண்டு பிழைகளும் ஒரே பக்கம் சாய்ந்தன. ஒன்று மற்றொன்றை ஈடுசெய்யவில்லை.

இத்தகைய பிழைக்காகவே இருப்பது, வேறொரு நிறுவனம் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கும் சுதந்திரச் சரிபார்ப்பு. நம் ஊர்த் திட்டங்களில் 'ப்ரூஃப் செக்' என்று சொல்லிப் பழகிய அதே ஏற்பாடு. புளோரிடா விதிப்படி இந்த வகைப் பாலத்துக்கு அது கட்டாயம். அந்த வேலையை லூயிஸ் பெர்கர் நிறுவனம் ஏற்றது. அதை அமர்த்தியதும் அதற்குக் கூலி கொடுத்ததும் ஃபிக் நிறுவனம், அதாவது யாருடைய கணக்கு சரிபார்க்கப்பட வேண்டுமோ அவர்களே. முதலில் லூயிஸ் பெர்கர் கேட்டது 1,10,000 டாலர், 10 வாரம். பேரம் பேசி முடிவானது 61,000 டாலர், 7 வாரம். விலை குறைந்தபோது வேலையும் சுருங்கியது. சரிபார்ப்பாளர் முழுப் பாலத்தையும், கால்வாயின் மேல் வரும் இரண்டாம் இடைவெளியும் சேர்ந்து முடிந்த நிலையில் மட்டுமே பகுத்தாய்ந்தார். இடைப்பட்ட கட்டுமான நிலைகளை ஆராயவில்லை. கணுக்களையும் தனியே கணக்கிடவில்லை. அவற்றுக்குப் பணமும் காலமும் ஒதுக்கப்படவில்லை என்பதே பின்னர் விசாரணையில் அவர் தந்த விளக்கம்.

என் மதிப்பீட்டில் இந்நிகழ்வின் மையம் இதுதான். வடமுனைக் கணுவுக்கு மிகக் கடுமையான வேளை, பாலம் முடிந்த பிறகு வருவது அன்று. பிரதான இடைவெளி மட்டும் தனியே இரு முனைகளில் உட்கார்ந்திருக்கும் இடைக்காலம் அது. இரண்டாம் இடைவெளி வந்து சேர்ந்து, கம்பத்தின் அடிக் கான்கிரீட் கணுவைச் சூழ்ந்த பின் அதற்குப் பின்னால் ஒரு முட்டு கிடைத்திருக்கும். சரிபார்ப்பாளர் பார்த்தது பாதுகாப்பான நிலையை. ஆபத்தான நிலையை வடிவமைப்பாளர் ஒருவரே பார்த்தார், அவரும் பிழையாகப் பார்த்தார். ஆனாலும் சரிபார்ப்புச் சான்றிதழ் வந்துவிட்டது. அதைக் கையில் வாங்கிய ஒப்பந்தக்காரரும் பல்கலைக்கழகமும் மாநிலத் துறையும், பாலம் முழுவதும் இரண்டாவது முறை கணக்கிடப்பட்டது என்றே எடுத்துக்கொண்டார்கள். போதாததற்கு, சிக்கலான கான்கிரீட் பாலங்களுக்கு மாநிலத் துறை வைத்திருந்த தகுதிப் பட்டியலில் லூயிஸ் பெர்கர் இல்லை. துறையின் இணையப் பக்கத்தில் தகவல் தெளிவற்று இருந்ததும் இதற்கு ஒரு காரணம். ஆயினும் ஒப்புதல் தரும் முன் யாரும் அதைச் சரிபார்க்கவில்லை.

சரிபார்ப்பு நிறுவனத்தை மட்டும் குற்றம் சொல்லி இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. குறைந்த விலைக்குச் சுருங்கிய வேலையை ஒத்துக்கொள்வது தொழிலில் எங்கும் நடப்பதுதான். ஆனால் சுருங்கிய வேலைக்கு முழு வேலையின் சான்றிதழ் தரப்படும்போது, இடர் அடங்குவதில்லை; யார் கண்ணுக்கும் படாமல் மறைந்துகொள்கிறது. சரிபார்ப்பே இல்லாத பாலத்தில் களப் பொறியாளர் ஒரு விரிசலைக் கண்டால் பதறியிருப்பார். சான்றிதழ் பெற்ற பாலத்தில் அதே விரிசலைக் கண்டவர், 'இரண்டு நிறுவனங்கள் கணக்கிட்டுப் பார்த்திருக்கின்றன' என்று தம்மையே அமைதிப்படுத்திக்கொள்வார். அரைகுறைச் சரிபார்ப்பு, சரிபார்ப்பின்மையைவிடக் கேடு செய்யக்கூடியது என்பதை இந்தப் பாலத்தில் நடந்தவை காட்டுகின்றன.

சாலையோரத்தில் வார்க்கப்பட்ட இடைவெளியின் முட்டுகளையும் சென்ட்ரிங்கையும் 2018 பிப்ரவரி 24 வாக்கில் பிரிக்கத் தொடங்கியபோதே கணுக்களில் விரிசல்கள் தெரிந்தன. முதன்முறையாகப் பாலம் தன் எடையைத் தானே தாங்கிய வேளை அது. கண்காணிப்பு நிறுவனம் படம் எடுத்து அறிக்கை அனுப்பியது. வடிவமைப்பு நிறுவனம் கவலைப்படத் தேவையில்லை என்று பதில் அனுப்பியது. மார்ச் 10, சனிக்கிழமை, தானியங்கிச் சக்கர மேடைகளில் ஏற்றி இடைவெளியை நகர்த்திச் சாலையின் குறுக்கே தூண்களில் உட்கார வைத்தார்கள். நகர்த்தும்போது மேடைகள் முனைகளில் இல்லாமல் உட்புறமாகத் தாங்கியதால், முனைச் சாய்வு உறுப்புகளில் தற்காலிகமாக இழுவை வரும். அதற்காக 2ஆம், 11ஆம் உறுப்புகளுக்குள் இறுக்குக் கம்பிகள் வைக்கப்பட்டிருந்தன. இடத்தில் உட்கார வைத்தபின் திட்டப்படி அவற்றைத் தளர்த்தினார்கள். தளர்த்தியதும் வடமுனை விரிசல்கள் பெரிதாக விரிந்தன. பிந்தைய ஆய்வுகள், கான்கிரீட்டில் பொதுவாக ஏற்கப்படும் அளவைவிட அவை சுமார் 40 மடங்கு பெரியவை என்று மதிப்பிட்டன. சில விரிசல்கள் அங்குலக் கணக்கில் ஆழம் கொண்டவை. இந்த அளவில் அது மேற்பரப்பு வெடிப்பு என்று யாராலும் சொல்ல முடியாது, கணு நகர்ந்துகொண்டிருந்தது.

மார்ச் 13 அன்று வடிவமைப்பு நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாநிலத் துறை அலுவலர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, விரிசல் இருக்கிறது, சீர்செய்ய வேண்டும், ஆனால் பாதுகாப்புச் சிக்கல் இல்லை என்ற பொருளில் குரல்செய்தி பதிவுசெய்தார். அந்த அலுவலர் அப்போது அலுவலகத்தில் இல்லை. பாலம் விழுந்த மறுநாள், மார்ச் 16 அன்றுதான் அச்செய்தி கேட்கப்பட்டது. ஒரு மாநில நெடுஞ்சாலையின் மேல் தொங்கும் 950 டன் கட்டமைப்பைக் குறித்த எச்சரிக்கை, ஒருவர் விடுப்பிலிருந்து திரும்பும் வரை காத்திருக்கும் வழியில் போனது. செய்தியில் 'பாதுகாப்புச் சிக்கல் இல்லை' என்ற சொற்களும் சேர்ந்தே இருந்ததால், உடனே கேட்டிருந்தாலும் என்ன மாறியிருக்கும் என்பது ஐயமே.

மார்ச் 15 காலை களத்தில் கூட்டம் நடந்தது. வடிவமைப்பாளர், ஒப்பந்தக்காரர், கண்காணிப்பாளர், பல்கலைக்கழகம், மாநிலத் துறை ஆகிய ஐந்து தரப்பினரும் அதில் இருந்தார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசினார்கள். விரிசல்களால் கட்டமைப்பின் உறுதிக்கு ஊறு இல்லை என்பது வடிவமைப்பாளரின் முடிவு. தளர்த்திய கம்பிகளைத் திரும்ப இறுக்கி, பாலத்தை முந்தைய நிலைக்குக் கொண்டுபோவது அவர் தந்த திட்டம். எழுந்து நின்று, 'முதலில் சாலையை மூடுங்கள், பிறகு பேசலாம்' என்று சொன்னவர் யாருமில்லை. ஒவ்வொரு தரப்புக்கும் வேலையை நிறுத்தும் அதிகாரம் இருந்தது. ஆனால் பாலத்தை அறிந்தவர் வடிவமைப்பாளர் ஒருவரே என்று மற்ற நால்வரும் நம்பினார்கள். அன்று பிற்பகல், கீழே வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கையிலேயே, மேலே தொழிலாளர்கள் 11ஆம் உறுப்பின் கம்பிகளை இறுக்கினார்கள். ஏற்கெனவே பிளந்திருந்த கணுவின் மேல் அந்த இறுக்கம் மேலும் சாய்வு விசையை ஏற்றியது. கணு வடக்கே வழுக்கி வெளியேறியது. தளமும் மேற்கூரையும் ஒன்றாக விழுந்தன.

மறு இறுக்கம் மூலத் திட்டத்தில் இல்லாத புதிய வேலை. அதாவது அது ஒரு வடிவமைப்பு மாற்றம். மூல வடிவமைப்புக்குக் கட்டாயமாக இருந்த சுதந்திரச் சரிபார்ப்பு, அதைவிட ஆபத்தான இந்த மாற்றத்துக்கு நடக்கவில்லை. பழுதுபார்ப்பு என்ற பெயரில் வரும்போது மாற்றங்கள் நம் கண்ணுக்கு மாற்றங்களாகவே தெரிவதில்லை. பெரிய திட்டங்களில் வேலை செய்தவர்கள் இதை அறிவார்கள்: ஒரு தூணின் அளவை மாற்ற ஐந்து கையெழுத்து வேண்டும், ஆனால் களத்தில் ஒரு 'சரிசெய்தல்' செய்ய ஒரு மின்னஞ்சல் போதும்.

வடிவமைப்பு நிறுவனம் வாரியத்தின் முடிவை ஏற்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். தான் அமர்த்திய வேறொரு ஆய்வு நிறுவனத்தின் சோதனைகளைக் காட்டி, ஒப்பந்தக்காரர் தளத்தின் மூட்டுப் பரப்பை விதிப்படி கொத்திவிட்டுச் சொரசொரப்பாக்கியிருந்தால் பாலம் விழுந்திருக்காது என்று அது வாதிட்டது. பரப்பு போதிய அளவு கொத்தப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் கால் அங்குல ஆழத்துக்குக் கொத்தியிருந்தாலும் கணுவுக்கு வேண்டிய தாங்குதிறன் கிடைத்திருக்காது என்பது வாரியத்தின் முடிவு. எனக்கு வாரியத்தின் கணக்கே வலுவாகப் படுகிறது. அதே வேளையில், அந்த வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் வேறொரு கேள்வி எழுகிறது: 950 டன் பாலத்தின் உயிர், ஒரு கூலித் தொழிலாளி ஒரு மூட்டுப் பரப்பை எவ்வளவு ஆழம் கொத்தினார் என்பதைச் சார்ந்திருந்தால், அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, கொத்திய பரப்பைப் பார்த்துக் கையெழுத்திட்ட பின்னரே வார்க்க வேண்டும் என்று வரைபடத்தின் அந்தத் தாளிலேயே எழுதியிருக்க வேண்டியவர் யார்?

பின்விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒப்பந்த நிறுவனம் 2019 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீடு 10 கோடி டாலரைத் தாண்டியது. வடிவமைப்பு நிறுவனம் மத்திய நிதியுதவி பெறும் நெடுஞ்சாலைப் பணிகளில் 2029 வரை பங்கேற்கத் தடைவிதிக்கப்பட்டது. சரிபார்ப்பில் கணு விசைகளும் இடைக் கட்டுமான நிலைகளும் அடங்க வேண்டும், சரிபார்ப்பாளரின் தகுதியைத் துறையே உறுதிசெய்ய வேண்டும், கட்டமைப்பு விரிசல் கண்டால் கீழுள்ள பாதையை மூட வேண்டும் என்றெல்லாம் வாரியம் பரிந்துரைத்தது.

இவற்றில் கடைசிப் பரிந்துரைக்கு நான் முதலிடம் தருவேன். மற்றவை பிழையைப் பிடிப்பதற்கு. இது பிழை பிடிபடாமல் போனாலும் ஆட்களைக் காப்பதற்கு. இன்ன அகலத்துக்கு மேல் விரிசல் கண்டால் பாதை மூடப்படும், மூடச் சொல்ல வடிவமைப்பாளரின் சம்மதம் தேவையில்லை, மூடியதற்காக எவர் மீதும் தாமத அபராதம் விழாது என்ற மூன்றையும் வேலை தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தில் எண்ணிட்டு எழுதிவிடலாம். அளவை முன்கூட்டியே எண்ணாக எழுதியிருந்தால், மார்ச் 15 காலைக் கூட்டத்தில் விவாதத்துக்கு இடமே இருந்திருக்காது. ஒரு அளவுகோலைக் கையில் வைத்திருந்த களப் பணியாளரே போதும்.

சரிபார்ப்புச் சான்றிதழின் வடிவத்தையும் மாற்ற வேண்டும். 'சரிபார்க்கப்பட்டது' என்ற ஒற்றை வரிக்குக் கீழே, எந்தெந்த உறுப்புகள், எந்தெந்தக் கணுக்கள், எந்தெந்தக் கட்டுமான நிலைகள் கணக்கிடப்படவில்லை என்ற பட்டியல் இருக்க வேண்டும்; அந்தப் பட்டியலை உரிமையாளர் படித்துக் கையெழுத்திட வேண்டும். கட்டணத்தை வடிவமைப்பாளர் கொடுக்காமல் உரிமையாளரே நேரடியாகக் கொடுக்க வேண்டும், ஏனெனில் பேரம் பேசிக் குறைக்கப்பட்ட 49,000 டாலரும் 3 வாரமும் எவற்றை விட்டுவிடுவதற்கான விலை என்பதை அறிய வேண்டியவர் அவர்தான். மயாமியில் அந்தப் பட்டியல் எழுதப்பட்டிருந்தால், அதில் இரண்டே வரிகள் இருந்திருக்கும்: கணுக்கள் பார்க்கப்படவில்லை, இரண்டாம் இடைவெளி சேரும் முன்னுள்ள நிலை பார்க்கப்படவில்லை.